உண்ணி

பங்குனி இருபது. அமிர்திக் காப்புக்காடு.
நாய்கள் துரத்திய புள்ளிமான்
கம்பிவேலியில் கழுத்து சிக்கிக் கிடக்கிறது.
உடம்பில் இன்னும் சூடு.
அது ஆறுவதற்குள் நான் எண்ணியாக வேண்டும்.
ஆறிவிட்டால் இறங்கிப் போய்விடும்,
படம் முடிந்து தியேட்டரைவிட்டு வெளியேறும் கூட்டம்போல,
கொஞ்சமும் துக்கமில்லாமல்.

காதுக்குள் பதினேழு.
வாலடியில் ஒன்பது.
தொடையிடுக்கில் எண்ண முடியவில்லை,
முப்பதுக்கு மேல் என்று எழுதினேன்.
கடுகளவில் சில, உளுந்தளவில் சில.
குடித்து முடித்த ஒன்று மட்டும்
கொட்டமுத்து அளவில், அதே வழவழப்பில்.

ஸ்பிரிட் குப்பிக்குள் போட்டு
பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போட்டேன்.
பேனா மை கரைந்துவிடும்.
அது தெரியாத முதல் வருஷத்தில்
நாற்பது குப்பி
யாருடையது என்றே தெரியாத நீலத் தண்ணீர்.

வேட்டைத் தடுப்புக் காவலர் வேடியப்பன்
காதை விரித்துப் பிடித்திருந்தார், வெறுங்கையால்.
கையுறை கொடுத்தேன்.
"வேர்க்குது மேடம்" என்று
சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பள்ளிப் பாடத்தில் மூன்று பேர்:
தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி.
மான் முதல் வகை.
நேற்று கடலைக்கொல்லை மின்வேலியில் விழுந்த பன்றி
மூன்றாவது.
இதற்கு மட்டும் முன்னால் எதுவுமில்லை.
வெறும் உண்ணி.

அடிவாரம் முழுக்க மஞ்சளும் ரோஸுமாய்ப்
பூத்துக் கிடக்கும் புதருக்கும்
உண்ணிச்செடி என்றுதான் பேர்.
வெயிலுக்கு மான் ஒதுங்குவதும்
பன்றி குட்டி போடுவதும் அதனடியில்.
வெள்ளைத் துணியை அதன்மேல் இழுத்துக்கொண்டு
நூறடி நடந்தால் போதும்,
எள் தூவினதுபோல் ஏறி நிற்கும்
முன்னங்கால்களைத் தூக்கி,
யார் வந்தாலும் சரி என்று.

அந்தப் பன்றியின் காதைத் திறக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.
சேறு காய்ந்து ஓடாகியிருந்தது,
ஓட்டுக்கடியில் ஒன்றுகூட இல்லை.
அதன் வைத்தியம் அதற்குத் தெரிந்திருக்கிறது.
காதின் உள்மடிப்பில் நாலு, சேறு எட்டாத இடம்.
"சீக்கிரம் மேடம், மண்ணெண்ணெய் ஊத்திப் புதைக்கணும்"
என்றார் வனவர்.
கொல்லைக்காரர் குணசீலன் தள்ளி நின்று
கேஸ் ஆகுமா என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் நாள் ஃபோன்.
வேடியப்பன் வீட்டுக்காரம்மா, பூங்காவனம்.
"நாலு நாளா ஜுரம் மேடம்.
ஒடுகத்தூர்ல ஊசி போட்டாங்க, சூட்டு ஜுரமாம்.
உள்ளங்கையில செவப்பு செவப்பா கீது."

வேலூருக்குக் கூட்டிப் போங்கள்.
டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்,
காட்டு வேலை, உண்ணி கடித்திருக்கும் என்று.
இதையே மூன்று தடவை சொன்னேன்.
மூன்றாவது தடவை என் குரல் உயர்ந்துவிட்டது.

மாத்திரை போட்ட இரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது.

மான் ரத்தத்தின் முடிவு அதற்கப்புறம்தான் வந்தது.
கிருமி: உண்டு.
நோய் அறிகுறி: இல்லை.
அந்த "இல்லை"யையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேடியப்பனுக்கு வந்தது வேறு கிருமி,
இது மாட்டுக்காரர்களின் பயம்.
சீமைமாட்டுக்கு வந்தால்
மூத்திரம் காப்பி நிறத்தில் போகும்,
நாலாம் நாள் சாயும்.
மானோ அதையும் சுமந்துகொண்டு
தாவுகிறது, கொம்பு உதிர்க்கிறது, குட்டி ஈனுகிறது.
எத்தனை மான் செத்து வந்த சமாதானமோ.

வேடியப்பன் ஆபீசுக்கு வந்தார், கன்னம் ஒட்டி.
குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
"இதுல என்னைக் கடிச்சது எது?"
இதெல்லாம் மானோடது என்றேன்.
"அப்ப என்னோடது?"
எங்கேயாவது சருகுக்கடியில்
ஆயிரக்கணக்கில் முட்டை போட்டிருக்கும்.
"என் ரத்தத்துலயா?"
ஆமாம்.
கொஞ்சநேரம் யோசித்தார்.
"பஞ்சாயத்து வச்சாலும் பேர் வராது" என்றார்.
சட்டைப்பையில் அதே கையுறை,
மடிப்புக் கலையாமல்.

ராத்திரி குவார்ட்டர்ஸ் குளியலறையில்
டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக
முழங்கால் மடிப்பில் ஒரு மச்சத்தை
மூன்று தடவை கிள்ளிப் பார்த்தேன்.

மச்சம்தான்.